அமெரிக்காவில் மளிகைக் கூப்பன்: முதல் மாதத்தில் எங்கே தொடங்குவது?

வந்து இறங்கிய புதிதில் மளிகைக் கடை பில்லைப் பார்த்து மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதவர்கள் குறைவு. "கூப்பன் போடுங்க, பாதியாகக் குறையும்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். எங்கே எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு ஆப் பெயர் வரும். எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். வாராவாரம் எந்தக் கடைக்குப் போகிறீர்களோ, அந்தக் கடையின் ஆப் ஒன்று போதும்.

க்ரோகர், சேஃப்வே மாதிரிக் கடைகளில் பல பொருள்களுக்கு இரண்டு விலை ஒட்டியிருக்கும். குறைந்த விலை உறுப்பினர்களுக்கு. உறுப்பினராவது இலவசம், போன் நம்பரும் ஈமெயிலும் கொடுத்தால் முடிந்தது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசு தரும் அடையாள எண்), கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கிக் கட்டிய வரலாறு) எதுவும் வேண்டாம் என்பதால் வந்த இரண்டாம் நாளே சேர்ந்துவிடலாம். பில் போடும்போது அந்தப் போன் நம்பரைத் தட்ட வேண்டும்.

ஆப்புக்குள் கூப்பன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 'கிளிப்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால்தான் கூப்பன் உங்கள் கணக்கில் சேரும், பில்லில் கழியும். வெறுமனே பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கழியாது. புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கூப்பனில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பொருளைத் தயாரிக்கும் கம்பெனி தருவது, 'மேனுஃபேக்சரர் கூப்பன்'. இன்னொன்று கடையே தருவது. கம்பெனிக் கூப்பனுக்கான பணத்தைக் கடை பின்னால் அந்தக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். அதனால் சில கடைகளில் ஒரே பொருளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று போடலாம். இங்கே இதை 'ஸ்டேக்கிங்' என்பார்கள். காஸ்ட்கோவிலும் ஆல்டியிலும் கம்பெனிக் கூப்பனே எடுபடாது, அங்கே நீட்டி ஏமாற வேண்டாம். பல மாநிலங்களில் கம்பெனிக் கூப்பன் போட்டாலும் விற்பனை வரி முழு விலைக்கே விழும். கணக்கு சில சென்ட் உதைத்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நான் முதலில் மாட்டியது துணி சோப்பில். இரண்டு டாலர் கழிவு என்று கூப்பன், அதில் அழகாகப் பெரிய பாட்டில் படம். சின்ன பாட்டில் போதுமே என்று எடுத்துப்போனேன். கவுன்டரில் கழியவில்லை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், நான் போனை உருட்டிக்கொண்டிருக்கிறேன். அடியில் பொடி எழுத்தில் குறைந்தபட்ச அளவு இத்தனை அவுன்ஸ் என்று போட்டிருந்தது. படத்தை நம்பாதீர்கள், பொடி எழுத்தைப் படியுங்கள். அளவு, எத்தனை வாங்க வேண்டும், கடைசித் தேதி, இந்த மூன்றும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், கூப்பன் கிடைத்த அன்றே ஓட வேண்டியதில்லை. கடைகள் வாராவாரம் சேல் விளம்பரம் போடுகின்றன. பல கடைகளில் அது புதன்கிழமை மாறும். கூப்பன் தேதி முடிவதற்குள் அந்தப் பொருள் சேலுக்கு வந்தால் அப்போது போடுங்கள். எட்டு டாலர் சோப்பு சேலில் ஆறு, கூப்பன் போட்டால் நாலு. சரி, லாபம்தானே என்று உடனே எடுத்துவிடாமல், அதே அலமாரியில் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையின் சொந்த பிராண்டையும் பாருங்கள். விலைச்சீட்டின் ஓரத்தில் ஒரு அவுன்ஸுக்கு என்ன விலை என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். கூப்பன் போட்ட பெரிய பிராண்டைவிட கடை பிராண்டு பல நேரம் மலிவாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் சமையலுக்குக் கூப்பன் அதிகம் உதவாது. காலை உணவுக்கான சீரியல், பற்பசை, ஷாம்பு, டயப்பர், உறைந்த உணவு போன்ற பாக்கெட் சாமான்களுக்குத்தான் அது கொட்டிக் கிடக்கும். துவரம்பருப்புக்கும் வெண்டைக்காய்க்கும் வரும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் டயப்பர் போடும் குழந்தை இருந்தால் மட்டும் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். அந்த ஒரு பொருளிலேயே மாதாமாதம் நல்ல தொகை மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் கூப்பன் தாள்கள் முன்புபோல் கனமாக இல்லை. பேப்பரை இதற்காகவே காசு கொடுத்து வாங்குவது வீண். ஐபோட்டா, ஃபெட்ச் போன்ற ஆப்கள் வேறு வகை: வாங்கிய பிறகு ரசீதைப் படம் பிடித்து அனுப்பினால் பணமோ பாயின்டோ தரும். கடை ஆப் கைக்குப் பழகியபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழுவில் "75 டாலர் இலவசக் கூப்பன், பத்து பேருக்கு அனுப்பு" என்று வருவதைத் தொடவே வேண்டாம், உங்கள் விவரங்களைக் கறப்பதற்கான தூண்டில் அது. கூப்பனை விலைக்கு வாங்குவதும் வேண்டாம். விற்றால் செல்லாது என்று பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருக்கும். போலிக் கூப்பனை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2021-இல் வர்ஜீனியாவில் போலிக் கூப்பன் அச்சடித்து விற்ற ஒரு பெண்ணுக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது.

சேல் பொருள் தீர்ந்து அலமாரி காலியாக இருந்தால் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் 'ரெயின் செக்' கேளுங்கள். தரும் கடையாக இருந்தால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சரக்கு வந்தபின் அதே சேல் விலைக்கு வாங்கலாம். கூப்பனின் கடைசித் தேதி மட்டும் அதற்காக நீளாது.