பிளக்கில் சொருகாதீர்கள்: பழைய டைனகோ ஸ்டீரியோ 70ஐ எழுப்பும் முறை

வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது டைனகோ ஸ்டீரியோ 70. 1959ல் பிலடெல்பியாவிலிருந்து டேவிட் ஹாஃப்லரின் நிறுவனம் வெளியிட்டது. சேனலுக்கு 35 வாட். வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள். சர்க்யூட் எளிமையானது, பழக ஏற்றது. ஆனால் அன்று சால்டர் வைத்த கை எப்படிப்பட்டதோ, ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிடுங்கள்.

கையில் கிடைத்ததும் ஆசைக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். வால்வும் கண்டன்சரும் (கெபாசிட்டர்) மாற்றிக்கொள்ளலாம். மேலே இருக்கும் மூன்று டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் இதன் உயிர். ஒரு பழைய கண்டன்சர் ஷார்ட் ஆனால் அவையும் சேர்ந்து போகும்.

முதலில் பாதுகாப்பு. இதற்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேசிஸிலும் (உலோக உடல்) மறு முனையைக் கண்டன்சரிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் பிடித்துச் சில விநாடி வையுங்கள். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

அப்புறம் ஓம் அளவு. ஒவ்வொரு இஎல்34 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு) சாக்கெட்டின் 3ஆம் பின்னுக்கும் ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் வால்வு) சாக்கெட்டின் 8ஆம் பின்னுக்கும் இடையே பாருங்கள். எங்காவது மீட்டர் அசையவே இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று அறுந்திருக்கலாம்.

சரி, இப்போது கரண்ட். இது அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230க்கு, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஸ்டெப்டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடுங்கள். வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு சுவிட்ச் போட்டால், பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

மாற்ற வேண்டியவை அதிகமில்லை. நான்கு பிரிவுள்ள பெரிய கண்டன்சர் (30, 20, 20, 20 மைக்ரோஃபாரட், 525 வோல்ட்) முதலில். முதல் பிரிவை அளவுக்கு மீறிக் கூட்டாதீர்கள்; ஜிஇசட்34 ரெக்டிஃபையர் தாங்குவது 60 மைக்ரோஃபாரட் வரைதான். அடுத்து 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சர்கள் நான்கு. இவை கசிந்தால் இஎல்34இன் கிரிட்டில் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) பாசிட்டிவ் வோல்ட் ஏறி வால்வு சிவந்து எரியும். பயாஸ், அதாவது அந்தக் கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட் கொடுக்கும் பகுதியின் செலினியம் ரெக்டிஃபையருக்குப் பதில் 1என்4007 டயோடு, துருவம் பார்த்துப் போடுங்கள். அங்குள்ள சின்னக் கண்டன்சர்களையும் புதுப்பியுங்கள். பழைய மல்லார்ட் (பிரிட்டிஷ் கம்பெனி) வால்வு இருந்தால் தூக்கி எறியாதீர்கள், நல்ல நிலையில் இருப்பவற்றுக்கு மதிப்பு அதிகம். இஎல்34க்கு முன்னால் உள்ள சின்ன வால்வான 7199க்குப் பதில் 6ஜிஎச்8ஏ போடுவதென்றால் அடாப்டர் வேண்டும், பின் வரிசை வேறு.

இஎல்34 போடும் முன் ஒவ்வொரு சாக்கெட்டின் 5ஆம் பின்னிலும் மைனஸ் 35, 40 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் வால்வு போடவே கூடாது. இருந்தால் பயாஸ் திருகைத் திருப்பி மைனஸை அதிகபட்சம் ஆக்குங்கள். இரண்டு சேனலிலும் ஸ்பீக்கரோ 8 ஓம் லோடோ மாட்டிவிட்டு வால்வுகளைப் போடுங்கள். சீரீஸ் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கவில்லையென்றால் அதை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு சேனலிலும் பயாஸ் அளவிடும் இடத்தில் 1.56 வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அங்குள்ள 15.6 ஓம் ரெசிஸ்டரில் அந்த வோல்ட் வந்தால் அந்தச் சேனலின் இரண்டு இஎல்34க்கும் சேர்த்து 100 மில்லியாம்ப் என்று பொருள். வால்வு நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்று நான் 1.3க்குப் பக்கத்தில் நிறுத்துவேன்.

அறை விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இருக்கலாம். இஎல்34க்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள். சிவக்கவில்லையென்றால் பயாஸை இன்னொரு முறை அளந்து சரிசெய்துவிட்டு, பாட்டைப் போடுங்கள்.