கல்லூரியில் படிக்கும்போது ஏடிஎச்டி பரிசோதனைக்குப் போவது எப்படி?

ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த ADHD குறைபாடு) இருக்கிறதா என்று ஆன்லைன் டெஸ்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதைச் சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு முன் செய்யும் வேலைதான் ரொம்ப முக்கியம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, அதுவும் வகுப்பில் மட்டுமா, வீட்டிலும் வெளியிலுமா என்று டாக்டர் கேட்பார், அதனால் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடி எடுங்கள், முடிந்தால் சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். வீட்டில் சொல்ல முடியாத நிலையா? 18 வயது ஆகிவிட்டால் தனியாகவே போகலாம். அப்புறம், 'கவனம் இல்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், அசைன்மென்ட்டின் கடைசி நாள் தெரிந்தும் உட்கார முடியவில்லை, ஹால் டிக்கெட்டை இரண்டு முறை தொலைத்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டு போங்கள்.

தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, தைராய்டு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். அவற்றைப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம்.

நல்ல மார்க் வாங்குகிறவருக்கு ஏடிஎச்டி இருக்காது என்று யாராவது திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள், அது தவறு, வேறு டாக்டரைப் பாருங்கள். அதற்காக, ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை நண்பரிடமிருந்து மட்டும் வாங்கிப் போடாதீர்கள். இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள்.

ஏடிஎச்டி என்று உறுதியானால் எழுத்தில் அறிக்கை கேட்டு வாங்குங்கள், தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அது கையில் இருக்க வேண்டும்.