இயற்கைச் சட்டகம்: ஒளிப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிப்படத்தின் மையப் பொருளை, அதே இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறொன்றால் சூழ்ந்து காட்டும் உத்தியே இயற்கைச் சட்டகம். வாசல்நிலை, சாளரம், வளைவு, சுரங்கப்பாதையின் வாய், தாழ்ந்த கிளை, இரு பாறைகளின் இடைவெளி என எதுவும் சட்டகமாகலாம். ஒருவர் இடுப்பில் ஊன்றிய கையின் மடிப்புக்குள்ளேகூடத் தொலைவில் நிற்கும் இன்னொருவரை அடக்கிக் காட்டிவிட முடியும். இயற்கை என்ற சொல் இங்கே மரஞ்செடிகளை மட்டும் குறிப்பதில்லை. பிறகு கணினியில் சேர்க்காமல், காட்சியிலேயே அமைந்திருக்கும் எல்லாவற்றையும் அது குறிக்கிறது.

கேமரா பிறப்பதற்கு வெகு முன்பே ஓவியர்கள் இதில் தேர்ந்திருந்தனர். டச்சு ஓவியரான வெர்மீர் 1669-70 அளவில் தீட்டிய ‘காதல் கடிதம்’ என்னும் ஓவியத்தில், இருண்ட முன்னிடத்திலிருந்து ஒரு வாசல் வழியாகவே ஒளி நிறைந்த உள்ளறையையும் அங்கிருக்கும் இரு பெண்களையும் பார்க்கிறோம். அந்த வாசலை நீக்கிவிட்டால், கடிதம் ஏந்திய ஒரு பெண்ணும் அவளுடைய பணிப்பெண்ணும் மட்டுமே எஞ்சுவார்கள். வாசல் இருப்பதால்தான், பிறர் பார்க்கக் கூடாத ஒரு நொடியை எட்டிப் பார்த்துவிட்ட கூச்சம் நமக்குள் எழுகிறது. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எதை நோக்கி நிற்கிறார் என்பதைச் சொல்வதே சட்டகத்தின் வேலை என்று நான் கருதுகிறேன்.

இந்த வேலையை மறப்பதிலிருந்தே முதல் தவறு தொடங்குகிறது. அழகான வளைவு ஒன்று கண்ணில் பட்டதும் மனம் அதிலேயே நிறைந்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலேயே விரல் ஷட்டரை அழுத்திவிடுகிறது. பிறகு திரையில் பார்க்கும்போது, வளைவுக்குள் வெளிறிய வானமும் ஒரு மின்கம்பமும் மட்டுமே இருக்கின்றன. நான் படமெடுக்கத் தொடங்கிய காலத்தில் சேர்த்த வளைவுப் படங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. அவற்றுள் ஒன்றைக்கூட இன்று வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. வளைவுதான் உங்களைக் கவர்ந்தது என்றால், தயங்காமல் அதையே மையப் பொருளாக்கி, அதன் கல்லையும் செதுக்கலையும் நெருங்கி எடுங்கள். சட்டகமாகவே பயன்படுத்த விரும்பினால், உள்ளே ஒரு காரணம் வந்து சேரும்வரை காத்திருங்கள். ஒளியளவையும் ஃபோகஸையும் முன்கூட்டியே அமைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றால், அந்த வழியே ஒருவர் நடந்து வரக்கூடும், ஒரு பறவை வந்து அமரக்கூடும், வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகரக்கூடும்.

அடுத்த தவறு தொலைவைப் பற்றியது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இதைத் தவறு என்றே அறிவதில்லை. வாசலுக்கு அப்பால் நிற்கும் ஒருவர் படத்தில் மிகச் சிறியவராகத் தெரிகிறார் என்றால், அவரைப் பெரிதாக்க நாம் இயல்பாகவே முன்னோக்கி நடக்கிறோம். உண்மையில் வாசலோடு ஒப்பிட அவர் பெரிதாகத் தெரிய வேண்டுமானால், பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். 2 மீட்டர் உயரமுள்ள ஒரு வாசலையும், அதற்கு அப்பால் 10 மீட்டர் தள்ளி நிற்கும் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் வாசலிலிருந்து 2 மீட்டரில் நின்றால், அவர் உங்களிடமிருந்து 12 மீட்டர் தொலைவில் இருப்பார். வாசலின் உயரத்தில் ஏறத்தாழ 14 விழுக்காடு அளவே அவர் தெரிவார். வாசலிலிருந்து 10 மீட்டர் வரை பின்வாங்கினால் அவருடைய தொலைவு 20 மீட்டராகும், ஆனால் இப்போது அவர் வாசலின் உயரத்தில் 42 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக நிரப்புவார். வாசலின் தொலைவு ஐந்து மடங்கானபோது அவருடைய தொலைவு இரண்டு மடங்குகூட ஆகவில்லை என்பதே காரணம்.

பின்வாங்கிய பிறகு வாசலைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு மட்டுமே லென்ஸுக்கு மிஞ்சுகிறது. முதலில் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸில் பார்த்த வாசலை, ஐந்து மடங்கு தொலைவில் 120 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் அதே அளவில் காட்டும். நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் வாசலும் ஆளும் ஒரே விகிதத்தில் வளர்வார்கள், இரண்டுக்கும் உள்ள உறவு சிறிதும் மாறாது. ஆகவே முதலில் கால்களால் உறவைத் தீர்மானித்து, பின்பு ஜூமால் படத்தின் எல்லையைத் தீர்மானிப்பதே சரியான வரிசை. கைபேசியிலும் இதே கணக்குத்தான்: அகலக் கோண லென்ஸோடு வாசலில் ஒட்டி நிற்பதை விட்டு, பின்னால் சென்று தொலைநோக்கு லென்ஸுக்கு மாறினால் படம் முற்றிலும் வேறாகிவிடும்.

நிற்கும் தொலைவைப் போலவே கேமராவைப் பிடிக்கும் உயரமும் முக்கியமானது. நம் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்தால், சமதளத்தில் நிற்கும் ஏறத்தாழ நம் உயரமுள்ள ஒருவரின் தலையை அடிவானக் கோடு குறுக்கே வெட்டும். வாசலின் மேற்கட்டையின் அடிப்பகுதியும் அவருடைய தலைக்கு நெருங்கி வரும். கேமராவை இடுப்பளவுக்குத் தாழ்த்தினால் தலை அடிவானத்துக்கு மேலே எழுந்து, சுற்றிலும் வெளி கிடைக்கும். மையப் பொருளின் விளிம்பு சட்டகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. தோள் நிலைக்காலில் ஒட்டினால் ஆளும் மரமும் ஒன்றாகிவிடுகின்றன, ஆழம் என்ற உணர்வே அழிந்துவிடுகிறது. ஒன்று தெளிவான இடைவெளி இருக்க வேண்டும், அல்லது சட்டகம் அவரைத் துணிந்து மறைக்க வேண்டும். ஓரடி இடப்புறம் நகர்ந்தாலே தீரக்கூடிய சிக்கல் இது.

ஒளியளவில் நிகழும் தவறுகளே எண்ணிக்கையில் மிகுதி. இருண்ட அறைக்குள்ளிருந்து வாசல் வழியே வெயில் படும் முற்றத்தை எடுக்கும்போது, படப்பரப்பின் பெரும்பகுதியை இருண்ட சுவர்களே அடைத்துக்கொள்கின்றன. கேமராவின் ஒளிமானி முழுப் பரப்பையும் கணக்கிட்டு, காட்சி இருட்டாக இருக்கிறது என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. அதனால் யாருக்கும் தேவைப்படாத சுவர் விவரமாகத் தெரிகிறது. எதற்காகப் படமெடுத்தோமோ அந்த முற்றம் வெள்ளையாகக் கரைந்துபோகிறது. வெயில் நிறைந்த வெளிக்கும் சாதாரண அறைக்கும் 7 அல்லது 8 ஸ்டாப் வேறுபாடு இருப்பது இயல்பு. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்குவதால், 8 ஸ்டாப் என்பது 256 மடங்கு. இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் முழு விவரத்தோடு காட்ட எண்ணினால், பெரும்பாலும் இரண்டும் கெடும். கரைந்துபோன வெண்மையிலிருந்து எதையும் மீட்க முடியாது, இருளிலிருந்தோ ஓரளவு மீட்கலாம். எனவே ஒளியளவை மையப் பொருளுக்கே வையுங்கள். படப்பரப்பில் ஏறத்தாழ 1 முதல் 5 விழுக்காடு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை அதன்மேல் வைத்து, அளவைப் பூட்டிக்கொண்டு, பிறகு படத்தை அமைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், கேமரா கணித்த ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை ஒன்றோ இரண்டோ ஸ்டாப் குறைத்து, ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடம் அதன் வலப்புற முனையில், அதாவது வெளிச்சப் பக்கத்தில், முட்டி நிற்காமல் கவனியுங்கள். கைபேசியில் வெளிச்சமான பகுதியை விரலால் அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டப்படும்.

சட்டகம் கறுத்துப்போகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கண் எப்போதும் ஒளியுள்ள இடத்தைத்தான் முதலில் நாடும் என்பதால், நிழலில் சட்டகமும் வெளிச்சத்தில் மையப் பொருளும் இருப்பதே இந்த உத்திக்கு மிகவும் இணக்கமான நிலை. இதற்கு எதிரான நிலைதான் ஆபத்தானது. வெயில் நேரடியாக விழும் வெள்ளைச் சுவரின் சாளரத்துக்குள் நிழலில் ஒருவர் நின்றால், கண் சுவரிலேயே தங்கிவிடும். ஒளிமானியும் வெண்மையைக் கண்டு ஏமாந்து, அவருடைய முகத்தை இன்னும் இருளாக்கிவிடும். அத்தகைய இடத்தில் ஒளி மாறும் வேளைக்குத் திரும்பி வருவதே நல்லது.

ஃபோகஸைக் கேமராவின் முடிவுக்கு விட்டுவிடுவது இன்னொரு பிழை. தானியங்கி ஃபோகஸ் எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தும் நிலையில் இருந்தால், அருகிலிருக்கும் தெளிவான விளிம்பைத்தான் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். சட்டகம் எப்போதும் அருகில்தான் இருக்கும். கிளைகளினூடே எடுத்த படங்களில் இலைகள் கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் அமைவது இதனால்தான். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து மையப் பொருளின்மேல் வைப்பதே இதற்குத் தீர்வு.

அதன் பிறகு, சட்டகம் கூர்மையாக இருக்க வேண்டுமா, மங்க வேண்டுமா என்று உறுதியாக முடிவுசெய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரைகுறையாக மங்கிய சட்டகம், கவனக்குறைவு என்ற எண்ணத்தையே தரும். அது எந்த இடம் என்பதைச் சொல்லும் செதுக்கல் வேலைப்பாடோ பழைய கதவோ என்றால் கூர்மை வேண்டும். வெறும் நிறமும் நிழலுமாக இருந்தால் போதும் என்றால் லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 2.8 போன்ற அளவுக்குத் திறந்து (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும், தெளிவின் ஆழம் குறையும்), இலைகளை லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுவந்து முழுமையாகக் கரைத்துவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி கொண்டது) 24 மி.மீ. லென்ஸை எஃப் 11இல் வைத்து ஏறத்தாழ 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 0.9 மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு அமையும். முன்பு சொன்னபடி பின்வாங்கி 120 மி.மீ. லென்ஸுக்கு மாறினால் இந்தத் தாராளம் கிடைக்காது. அதே எஃப் 11இல் 13 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், தெளிவு 10 மீட்டரிலிருந்து 18 மீட்டர் அளவோடு நின்றுவிடும். 20 மீட்டரில் நிற்பவர் அதற்கு வெளியே போய்விடுவார். எஃப் 16 வைத்தால் வாசலும் ஆளும் இரண்டுமே தெளிவுக்குள் வந்துவிடும், ஆனால் ஷட்டர் வேகம் குறையும். முக்காலி கையில் இல்லாதபோது நான் ஆளின்மேல் ஃபோகஸை வைத்து, வாசல் சற்று மென்மையாகட்டும் என்று அபெர்ச்சரை மேலும் திறந்துவிடுவேன்.

படத்தின் ஓரங்களை யாரும் போதுமான அளவு பார்ப்பதில்லை. சட்டகம் ஓரங்களில்தான் இருக்கிறது என்பதால், இந்த உத்தியில் அந்தக் கவனக்குறைவு இரட்டிப்பாகத் தண்டிக்கும். வளைவின் உச்சி ஒரு விரற்கடை வெட்டுப்பட்டிருப்பதும், எங்கிருந்தோ நீளும் ஒற்றைச் சுள்ளியும், இலைகளுக்கு இடையே மூலையில் மின்னும் வெள்ளை வானத்துண்டும் பார்வையை வெளியே இழுத்துச் சென்றுவிடும். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். (கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும்) கேமராக்கள் பலவற்றில், கண் வைத்துப் பார்க்கும் துளையான ஒளியியல் வ்யூஃபைண்டர், படத்தின் ஏறத்தாழ 95 விழுக்காட்டையே காட்டுகிறது; எனவே கண்ணில் படாத சுள்ளிகூடப் படத்தில் வந்துவிடலாம். சட்டகம் நான்கு பக்கமும் மூடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே ஒரு கிளையும் ஒரு பக்கத்தில் அடிமரமும் போதும், ஆனால் அவை படத்தின் விளிம்போடு திடமாக இணைந்திருக்க வேண்டும்.

செவ்வக வாசல் மேல்நோக்கிக் குறுகித் தெரிவது, கேமராவைச் சாய்த்துப் பிடிப்பதால் நேர்வது. வாசலின் பாதி உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்தால் அது நீங்கிவிடும். உள்ளே மஞ்சள் விளக்கும் வெளியே பகல் ஒளியும் கலந்திருந்தால், வெண்மை வெண்மையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெண் சமநிலையை மையப் பொருளின் ஒளிக்கே பொருத்துங்கள். பின்னணியை மென்பொருளால் மங்கவைக்கும் கைபேசியின் போர்ட்ரெய்ட் முறையைக் கிளைகளினூடே பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. எந்த இலை முன்னே, எது பின்னே என்று மென்பொருள் குழம்பி, முடியின் ஓரத்தையும் சுள்ளியையும் சேர்த்தே மங்கவைத்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் களத்தில் சரியாகச் செய்தவர்களும் திருத்தும் மேசையில் தவறிவிடுகிறார்கள். மென்பொருளில் நிழல்களை உயர்த்தும் ஸ்லைடரைக் கண்டதும், கறுத்திருக்கும் சட்டகத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை எழுகிறது. சுவரின் விரிசலும், கதவின் தாழ்ப்பாளும், மூலையில் சாய்த்திருந்த துடைப்பமும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. கூடவே இரைச்சல் எனப்படும் மணல் போன்ற புள்ளிகளும் வருகின்றன, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இருந்த தூரம் குறைகிறது. அந்த ஸ்லைடரைத் தொடுவதற்கு முன், படத்தை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் நேராக உள்ளே இருப்பவரிடம் போகிறது என்றால் சட்டகத்தை அதன் இருளிலேயே விட்டுவிடுங்கள். வாசலிலேயே நின்றுவிடுகிறது என்றால், அதை இன்னும் அரை ஸ்டாப் கறுக்கச் செய்து மறுபடியும் சுருக்கிப் பாருங்கள்.