பழவேற்காட்டில் வீட்டு மெஸ்ஸில் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் லீவு நாள் வந்தால் பழவேற்காடு போகலாமா என்ற பேச்சு கட்டாயம் வரும். வண்டி இருந்தால் மீஞ்சூர், பொன்னேரி வழி. இல்லையா, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் 20 கிலோமீட்டர் போல. ஏரியைப் பார்த்து, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறையையும் பார்த்து முடிப்பதற்குள் பசி வந்துவிடும். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

அங்கே ஒரு குடும்பமே பல வருஷமாக நடத்தும் சின்ன மெஸ்கள் உண்டு. மாமியார் மசாலா பார்ப்பார், மருமகள் அடுப்படியில் நிற்பார், மகன் இலை போடுவார், அவ்வளவுதான் ஆட்கள். இந்த இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதுதான் பெரிய தவறு. நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒரு ஞாயிறு இரண்டரை மணிக்குப் பதினொரு பேர், அதில் மூன்று குழந்தைகள். அந்த அக்கா முகம் சுளிக்கவில்லை. சட்டியைச் சாய்த்துப் பிடித்து, அடியில் இருந்த குழம்பைக் கரண்டியால் வழித்துக் குழந்தைகளுக்கு ஊற்றினார். தங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த நான்கு துண்டு மீனும் எங்கள் இலைக்கு வந்துவிட்டது என்று கை கழுவும்போதுதான் தெரிந்தது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. இங்கே காலையில் வருவதை வைத்துத்தான் உலை வைக்கிறார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் முந்தின நாளே போன் போட்டு எத்தனை பேர், எத்தனை மணி என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் நல்லது.

அடுத்தது, உட்கார்ந்ததும் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்பது. நம்ம ஆட்கள் காசிமேட்டு மீன் தின்று வளர்ந்தவர்கள், மீன் என்றாலே வஞ்சிரமும் வவ்வாலும்தான் வாயில் வரும். அவை கடல் மீன். பழவேற்காடு உப்பும் நன்னீரும் கலந்த ஏரி, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. அதற்கென்று மடவை மீன், இறால், கழி நண்டு என்று தனி வரவு இருக்கிறது. அதுவும் எல்லா நாளும் ஒரே மாதிரி வராது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் 'பாடு' என்ற பழைய முறைப்படி மீனவ ஊர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவது குறைந்து, ஏரியில் இறால் வரத்தே அடிபடும். இதையெல்லாம் தாண்டித்தான் உங்கள் இலைக்கு ஒரு துண்டு வருகிறது. ஆகவே "இன்னைக்கு என்னக்கா வந்திருக்கு?" என்று கேளுங்கள், அவர் சொல்வதைச் சாப்பிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் ஒன்றும் கிடைக்காது என்று நினைப்பதும் தப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்குத்தான். ஏரியில் சின்னப் படகுகள் வலை போட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களில் அடம்பிடித்து வஞ்சிரம் கேட்டால், பெரும்பாலும் ஐஸில் கிடந்ததுதான் வரும்.

மடவையைச் சேற்று வாடை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு தடவை அந்த வீட்டு ஆட்கள் அதைக் கழுவுவதைப் பார்க்க வேண்டும். கல் உப்பும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் தேய்தேய் என்று தேய்த்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை விரலால் உரித்து, தண்ணீர் தெளியும் வரை அலசுவார்கள். அப்படிக் கழுவிப் புளியும் மாங்காயும் போட்டு வைத்த குழம்பில் வாடை எங்கே இருக்கப் போகிறது?

நண்டுக்கு விலை பேசாதீர்கள், தயவுசெய்து. நல்ல கழி நண்டு அவர்களுக்கே அதிக விலைக்குத்தான் வருகிறது, ஏற்றுமதிக்கு வாங்குகிற வியாபாரிகளோடு போட்டி போட்டு வாங்க வேண்டும். நண்டு வேண்டுமென்றால் அதையும் முந்தின நாளே சொல்லுங்கள். பௌர்ணமியை ஒட்டிப் பிடித்த நண்டில் சதை இருக்காது என்று கரையில் சொல்வார்கள், அன்றைக்கு அக்காவே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம்தான். பணமாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலோடு போகாதீர்கள், அது குடும்பம் புழங்குகிற இடம். அடுப்படியை வீடியோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கூட்ட நாளில் சாப்பிட்டதும் எழுந்து இடம் விடுங்கள், வெளியே நிற்பவர்களும் குழந்தைகளோடுதான் நிற்கிறார்கள்.

சாப்பிட்ட கையோடு, கரையில் யாராவது "வாங்க சார், முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், சுற்றுலா வந்த குடும்பங்கள். அதைப் பற்றிக் கேட்டால் மெஸ்ஸில் இலை போடுகிற பையன்கூட, கரையிலிருந்தே பாருங்கள் என்றுதான் சொல்வான். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கத்தான் படகு கேட்கிறீர்கள் என்றால், காலையில் சீக்கிரம் வந்து கரையோரமாக நடந்து பாருங்கள். தூரத்தில் இளஞ்சிவப்பாக வரிசை கட்டி நிற்பது கண்ணுக்கே தெரியும், ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும்.