அப்புத்தளைக்குப் போய்வருவது எப்படி: கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு

மலையகத்துக்குப் போய்வருவோம் என்று கொழும்பில் ஒரு குடும்பம் முடிவெடுத்தால் பெரும்பாலும் வண்டி நுவரெலியாவில் போய் நிற்கும். இளைஞர்களாக இருந்தால் எல்லவில் நிற்கும். இரண்டுக்கும் இடையில் பதுளை ரயில் சில நிமிடம் தரித்துச் செல்லும் அப்புத்தளையை, சன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், கத்தியின் விளிம்பைப் போன்ற ஒரு மலைமுகட்டின் மேல் அமர்ந்திருக்கும் சிறிய ஊர் அது. கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு பக்கம் ஊவாவின் மலைகள், மறுபக்கம் தென்திசைச் சமவெளி என்று இரண்டையும் பார்த்துவிடலாம். அங்கு இரண்டு இரவுகள் தங்கிப் பார்க்க விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன். அரைநாளில் பார்த்துவிட்டு எல்லவுக்கு ஓட நினைப்பவர்களுக்கு இது அதிகம் உதவாது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது கிழமை. ஊருக்கு மேற்கே சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள அடிஷம் மாளிகை சனி, ஞாயிறு, போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலுமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்ப்பதற்கோ வேலைநாள் வேண்டும். பறித்த கொழுந்து இரவு முழுவதும் வாடி மறுநாளே இயந்திரத்துக்குப் போவதால், விடுமுறைக்கு மறுநாள் போனால் ஓடாத இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். ஆகவே வெள்ளிக்கிழமை பகலில் பயணம் செய்து, சனிக்கிழமை காலை தோட்டத்தையும் தொழிற்சாலையையும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அடிஷத்துக்குப் போய்விட்டுத் திரும்புவதே வசதியானது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய இரண்டு நாட்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். புறக்கோட்டைக் கடைகளிலும் நகரத்து வீடுகளிலும் வேலைசெய்யும் மலையகப் பிள்ளைகள் அத்தனை பேரும் பைகளோடு ஊர் திரும்பும் நாட்கள் அவை. அந்த நாட்களில் பஸ்ஸில் இருக்கை அவர்களுக்கு உரியது.

பருவத்தைப் பொறுத்தவரை கொழும்பின் கணக்கு அங்கே செல்லாது. மே மாதம் தொடங்கி தென்மேல் பருவக்காற்று நமக்கு மழையைக் கொட்டும்போது ஊவாப் பக்கம் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுக்கிறது. ஆனால் முகட்டில் நிற்கும் ஊர் என்பதால் காற்று குடையைத் திருப்பிவிடும் வேகத்தில் வரும். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை நல்ல மழை. தை, மாசியில் காலைகள் தெளிவாகவும் இரவுகள் நம் உடம்புக்குக் கடுங்குளிராகவும் இருக்கும். எந்த மாதமானாலும் ஜெர்சி, காலுறை, மழைச்சட்டை மூன்றும் பையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் புல் மண்டிய பாதையில் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பையோ சவர்க்காரத்தையோ கையில் வைத்திருப்பது நல்லது.

போகும்போது ரயிலும் வரும்போது பஸ்ஸும் என்பது என் ஆலோசனை. கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் வண்டிகளில் பொடி மெனிக்கே கண்டிக்குள் போய்த் திரும்பி வரும். உடரட்ட மெனிக்கே பேராதனைச் சந்தியோடு திரும்பி மலையேறிவிடும். எதுவானாலும் பயணம் எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். ஆசனப்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிவுசெய்வது நல்லது, நீண்ட விடுமுறை வரும் வாரங்களில் இது இன்னும் அவசியம். இந்தப் பாதை மண்சரிவால் அடிக்கடி தடைப்படுவது என்பதால், முதல்நாள் கோட்டை நிலையத்தில் விசாரித்து, வண்டி எதுவரை ஓடுகிறது என்று உறுதிசெய்த பின்னரே புறப்பட வேண்டும். நானுஓயாவைக் கடந்தபின் தூங்கிவிட வேண்டாம். 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழை பெய்துகொண்டிருக்க, மறுமுனையில் ஊவாவின் வெயில் கண்ணைக் கூசவைப்பதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். ஒஹியவிலிருந்து இதல்கஸ்ஹின்ன வழியாக வரும் பகுதியில் வலப்பக்கத்து சன்னலில் இருப்பவருக்குத்தான் தென்சமவெளி முழுவதும் காலடியில் விரியும்.

பஸ்ஸில் போவதானால் புறக்கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் வண்டியில் ஏற வேண்டும். இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல கடந்து, பெரகல சந்தியில் இடப்பக்கம் திரும்பி ஊருக்குள் ஏறும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பலாங்கொடைக்கு அப்பால் வளைவுகள் அதிகம் என்பதால், வாந்தி வரும் உடம்புள்ளவர்கள் இரத்தினபுரியில் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் நன்மை.

தங்குவதற்குக் கடைத்தெருவையும் ரயில் நிலையத்தையும் சுற்றிச் சிறு விடுதிகள் உண்டு. பதிவுசெய்யும்போது குளிக்கச் சுடுதண்ணீர் உண்டா, போர்வை எத்தனை தருவார்கள், எத்தனை மணிக்குக் காலைச் சாப்பாடு தருவார்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். விடியமுன் வெளியேறுவதாக இருந்தால் சாப்பாட்டைக் கட்டித்தரச் சொல்ல வேண்டும்.

விடியமுன் வெளியேறச் சொல்வது லிப்டன் சீட்டுக்காக. சேர் தோமஸ் லிப்டன் தம் தோட்டங்களைப் பார்வையிடுவதற்காக உட்கார்ந்த இடம் என்று சொல்லப்படும் அந்த உச்சி ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரம். முதல் முறை போனபோது பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாகப் புறப்பட்டோம். மேலே போய்ச் சேர்ந்தபோது எதிரே நின்ற என் தம்பியின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. காலை ஒன்பது, பத்து மணிக்குப்பின் பனி ஏறத் தொடங்கிவிடும். ஓட்டோ பிடித்து மேலே வரைக்கும் போகலாம். கூலியை முதல்நாள் மாலையே பேசி, காத்திருக்கும் நேரத்தையும் அதற்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் பலம் உள்ளவர்கள் தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை தோட்டத்து பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் அளவு நடந்து ஏறலாம். மேலே ஓட்டோவில் போய், கீழே நடந்து வருவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் இறங்கும்போதுதான் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் கோயில்களும் மரக்கறிப் பாத்திகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் கண்ணில் படுவார்கள்.

அந்தப் பாதையில் நடப்பது எப்படி என்பதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். சுற்றிலும் தமிழே பேசப்படுவதால், இது நம்முடைய ஊர், நமக்குத் தெரிந்த மனிதர்கள் என்ற எண்ணம் கொழும்புத் தமிழருக்கு உடனே வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், கூடையோடு கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் அக்கா, ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். அவர் கை நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னே எறிந்துகொண்டே, "இப்ப நின்னா அரைப்பேருதாங்க தம்பி" என்றார். நாளுக்கு உரிய கிலோ அளவு குறைந்தால் பாதிச் சம்பளம்தான் எழுதப்படும். அதைத்தான் அங்கே அரைப்பெயர் என்கிறார்கள். என் அரை நிமிடத்துக்கு அவர் கொடுக்கக்கூடிய விலை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கொழுந்து நிறுத்து முடிந்தபின் அவரே மேட்டில் உட்கார்ந்து பேசினார். பேச வேண்டுமானால் அந்த நேரத்தில் பேசுங்கள். படம் எடுக்க வேண்டுமானாலும் கேட்டுவிட்டு அப்போதே எடுங்கள். பெரியவர்களை ஐயா என்றும் மற்றவர்களை அண்ணே, அக்கா என்றும் அழைத்தால் போதும். சிறுவர்களுக்கு இனிப்போ காசோ நீட்டுவதை விட்டுவிடலாம்.

இன்னொன்று. "உங்களுக்கு இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்கக் கூடாது. நாம் அதைச் சாதாரணமாகக் கேட்பதாக நினைக்கிறோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது; 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையில் எண்ணிப் பங்கிட்டது; எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் குடியுரிமை கிடைத்தது. அந்தக் கேள்வியைப் படிவங்களில் பார்த்து, உறவுகளைக் கப்பலேற்றி அனுப்பிய வீடுகள் அங்கே உண்டு. கொழும்பில் சிலர் வாய்கூசாமல் சொல்லும் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

தம்பேதன்ன தொழிற்சாலை 1890இல் லிப்டன் கட்டியது. வாட்டும் தட்டுகள், உருட்டும் இயந்திரங்கள், பச்சை இலை செம்புநிறமாக மாறும் மேசை, உலர்த்தும் அடுப்பு, தரம்பிரிக்கும் சல்லடைகள் என்று வரிசையாகக் காட்டுவார்கள். உருட்டும் இடத்தில் எழும் மணத்தை, அறுத்த புல்லும் பழுத்த ஆப்பிளும் கலந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இங்கிருந்து போகும் தேயிலை, 1883இல் தொடங்கி இன்றும் நடக்கும் கொழும்பு ஏலத்துக்கு, அதாவது நம் வீட்டுக்குப் பக்கத்துக்கே வந்து சேருகிறது. உள்ளே படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிஷம் மாளிகை சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பவர் 1931இல் கட்டிய கருங்கல் வீடு. இப்போது அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். பார்க்கத் திறந்திருப்பது சில அறைகளும் தோட்டமும் மட்டும் என்பதால் ஒரு மணித்தியாலம் போதும். துறவிகள் செய்யும் ஸ்ட்ரோபெரி ஜாமை வாங்குவதற்காகவே பலர் வருகிறார்கள். நானும் இரண்டு போத்தல் வாங்கினேன். உரக்கப் பேசுவதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கடைத்தெருவின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளே போதும். காலையில் தோசையோ, தடித்த கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலுமோ, பக்கத்தில் பிளேன் டீயுமாகச் சாப்பிட்டால் மலையேற அது தாங்கும். இரவில் கடைகள் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். காசு எடுக்க ஊரில் வங்கி இயந்திரங்கள் உண்டு, ஆனால் ஓட்டோவுக்கும் தேநீர்க் கடைக்கும் சில்லறை நோட்டுகள் தேவைப்படும்.

நேரம் மிஞ்சினால் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கி, 220 மீற்றர் உயரமுள்ள தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கலாம். மேலேயுள்ள குளங்களில் குளிப்பதை மழை நாட்களில் நினைத்தும் பார்க்க வேண்டாம், தண்ணீர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதே கொஸ்லந்தையில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. வழிகாட்ட வருபவர் அந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டினால் இறங்கிப் படம் எடுக்காமல் கடந்துபோங்கள். தொடர்ந்து மழை பெய்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும். முற்பணம் போனால் போகட்டும்.

திரும்பி வருவதில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பதுளையிலிருந்து வரும் கொழும்பு பஸ்கள் அப்புத்தளையை அடையும்போதே நிரம்பியிருக்கும். பெரகல வளைவுகளில் நின்றுகொண்டு வருவது எளிதல்ல. அதனால் அடிஷத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய், அங்கே ஏறி இருக்கை பிடித்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலத்தில் அதே பஸ் உங்களை மறுபடியும் அப்புத்தளைக் கடைத்தெரு வழியாகக் கொண்டுவரும். முதல்நாள் தேநீர் குடித்த கடைக்காரர் வாசலில் நின்றால் சன்னலிலிருந்து கையசைத்துவிட்டு வரலாம்.