பி.ஆர்க் மாணவருக்கான மடிக்கணினி: எப்போது வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்கில் சேர்வதற்கான நாட்டா நுழைவுத்தேர்வின் மதிப்பெண் வந்து, கலந்தாய்வில் இடமும் உறுதியாகிவிட்டால், வீட்டில் அடுத்து எழும் பேச்சு மடிக்கணினியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவசரப்பட வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்கத்தில் பெரும்பாலான கல்லூரிகள் கையால் வரையவே கற்றுத்தருகின்றன. அப்போது தேவைப்படுபவை வரைபலகை, அதில் பொருத்தி நேர்கோடு வரையும் மினி டிராஃப்டர், நல்ல பென்சில்கள் ஆகியவைதான். கணினிக்கு உண்மையான வேலை இரண்டாம் ஆண்டில் தொடங்கி, இறுதியாண்டுத் திட்டமான தீசிஸில் உச்சத்தை எட்டும். சேர்ந்த வாரமே வாங்கினால், ஓராண்டு உத்தரவாதம் பெரும்பாலும் சினிமா பார்ப்பதிலேயே கழிந்துவிடும். முதலாண்டு முடியும் தறுவாயில், சீனியர்களின் ஸ்டுடியோவில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கல்விக் கடன் பெறுபவர்கள், படிப்புக்குத் தேவையான கணினியின் விலையையும் கடனில் சேர்க்க முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே வங்கியில் கேட்டுவிட வேண்டும். கடைக்காரரின் கொட்டேஷனைக் கையில் கொண்டுபோனால் பேச்சு எளிதாக முடியும்.

எந்தக் கணினி என்பதை முடிவுசெய்வது மென்பொருள்தான். கட்டடத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கிப் படமாகக் காட்டப் பயன்படும் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியான் ஆகிய மூன்றும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. மேக்புக்கின் திரையும் பேட்டரியும் அருமையானவை என்பதில் மறுப்பில்லை; வரைபடத்துக்கும் வடிவமைப்புக்கும் உதவும் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ ஆகியவை அதில் ஓடவும் செய்யும். ஆனால் 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறிய பிறகு வந்த மேக்புக்குகளில், முன்புபோல பூட்கேம்ப் வழியாக விண்டோஸை நிறுவிக்கொள்ளும் வசதி இல்லை. ஒரே ஒரு கணினிதான் வாங்க முடியும் என்றால், அது விண்டோஸ் கணினியாக இருப்பதே பாதுகாப்பு.

அடுத்தது ரேம். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்கக் கூடாது, 32 ஜிபி இருந்தால் நிம்மதி என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் காரணத்தை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். ஏ1 ஷீட்டின் அளவு 594 மி.மீ.க்கு 841 மி.மீ. அதை போட்டோஷாப்பில் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 7016க்கு 9933, அதாவது ஏறத்தாழ 7 கோடிப் பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றாலும் ஒரேயொரு முழு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குக்கு) 200 எம்பியைத் தாண்டிவிடும். வானம், மரங்கள், மனிதர்கள், நிழல் என்று பத்து லேயர்கள் சேர்ந்தால் 2 ஜிபி. பின்னணியில் ஸ்கெட்ச்அப்பும் பிரவுசரும் திறந்திருக்கும். 8 ஜிபி கணினி சப்மிஷனுக்கு முந்தைய இரவு உறைந்து நிற்பது இதனால்தான். சுவரில் ஒட்டி நான்கடி தள்ளி நின்று பார்க்கும் ஷீட்டுக்கு 150 டிபிஐயே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிக்சல்களின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மெலிதான பல மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதைப் பின்னர் மாற்ற முடியாது. ஸ்லாட் உள்ள மாடல் என்றால் இப்போது 16 ஜிபியோடு வாங்கி, பணம் சேர்ந்தபின் சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டில் அந்த வசதி கிடையாது. வடிவத்தை நிஜப் படம்போல ஆக்கும் லூமியான், என்ஸ்கேப் போன்ற ரெண்டரிங் மென்பொருள்கள் முழுக்க அதையே நம்பியிருப்பதால், கையிலுள்ள பணத்தை முதலில் அதில் போட வேண்டும். அதன் நினைவகம் குறைந்தது 6 ஜிபி, முடிந்தால் 8 ஜிபி இருக்கட்டும். பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே மடிக்கணினிச் சில்லு, மாடலைப் பொறுத்து 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். இரண்டின் வேகமும் ஒன்றல்ல. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி இருப்பது நல்லது.

கடையில் யாரும் கேட்காத கேள்வி திரையின் நிறத்தைப் பற்றியது. விலை குறைந்த கேமிங் மாடல்கள் பலவற்றில் திரை 45 சதவீத என்டிஎஸ்சி வகையைச் சேர்ந்தது; அதாவது குறைந்த நிறங்களையே காட்டக்கூடியது. அதில் நிறங்கள் வெளுத்துத் தெரியும். என் முதல் கணினி அப்படிப்பட்டதுதான். செங்கல் சுவர் திரையில் சோகை பிடித்ததுபோலத் தெரிந்ததால் நிறத்தை ஏற்றிக்கொண்டே போனேன். ஷீட்டுகளை மதிப்பிடும் ஜூரியன்று ஷீட்டைப் பிரித்தபோது சுவர் குங்குமம் அப்பியதுபோல இருந்தது. 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிற வரம்பு முழுவதையும் காட்டும்) என்று குறிப்பிட்டிருக்கும் திரையைக் கேட்டு வாங்குங்கள்.

சார்ஜரின் பிளக்கையும் பாருங்கள். சில கேமிங் மடிக்கணினிகளோடு தடித்த 16 ஆம்பியர் பிளக் வருகிறது. அது ஸ்டுடியோவிலும் விடுதியிலும் உள்ள சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் வேகம் குறைந்துவிடும் என்பதால், சொந்தமாக ஒரு ஸ்பைக் பஸ்டரும் தேவை. அதோடு உருளை வைத்த சாதாரண மவுஸ் ஒன்று; டச்பேடில் ஆட்டோகேட் வரைவது கைக்குத் தண்டனை.

மென்பொருளுக்காகக் கிராக் எனும் திருட்டுப் பதிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மாணவர் என்பதற்குச் சான்று கேட்டால் கல்லூரி போனஃபைட் சான்றிதழைப் பதிவேற்றலாம். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும், மனை ஆய்வுக்கு உதவும் கியூஜிஐஎஸ்ஸும் எவருக்கும் இலவசம்.

கோப்புகளை மடிக்கணினி, வெளி ஹார்ட் டிஸ்க், கிளவுட் என மூன்று இடங்களில் வையுங்கள். நாம் அமைப்பை மாற்றாதவரை ஆட்டோகேட் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சேமிக்கும். அதை 5 ஆக்கிக்கொள்ளுங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

அச்சுக் கடைக்கு மூலக் கோப்பைக் கொண்டுபோக வேண்டாம். அங்குள்ள பழைய பதிப்பில் அது திறக்காமல் போகலாம், எழுத்துருவும் மாறிவிடலாம். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, 100 சதவீத அளவில் அச்சிடச் சொல்லுங்கள். முதல் ஷீட் வெளிவந்ததும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 1:100 வரைபடத்தில் 5 மீட்டர் அறை சரியாக 5 செ.மீ. இருக்க வேண்டும். 4.8 காட்டினால், கடைக்காரர் பக்கத்துக்குப் பொருந்துமாறு சுருக்கியிருக்கிறார் என்று பொருள். மீதி ஷீட்டுகளை அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.