அமெரிக்க மத்தியச் சிறையிலிருந்து வந்தபின் கண்காணிப்பு நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு மத்திய அளவில் பரோல் கிடையாது. சிறைத்தண்டனையோடு சேர்த்தே நீதிபதி ஒரு கண்காணிப்புக் காலத்தையும் விதித்துவிடுவார். பரோலில் வருபவர் தண்டனையின் மிச்சத்தை வெளியே கழிக்கிறார். கண்காணிப்பு விடுதலையோ தண்டனை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. பலர் கணக்கில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வெளியே வந்த 72 மணி நேரத்துக்குள், விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் புரொபேஷன் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். முதல் 15 நாளுக்குள் ஒரு போதைப்பொருள் சோதனை, பிறகு குறைந்தது இரண்டு. வீடு மாறுவதை 10 நாள் முன்பே சொல்ல வேண்டும். போலீஸ் கைது செய்தாலும் சரி, நிறுத்தி விசாரித்தாலும் சரி, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றி நீதிமன்ற மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதும் வழக்கமான நிபந்தனை. இந்த எல்லை ஊர் எல்லையோ மாநில எல்லையோ அல்ல. நியூயார்க் நகருக்குள்ளேயே மன்ஹாட்டன் ஒரு மாவட்டம், புரூக்ளின் இன்னொன்று. நியூஜெர்சி எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர், தினமும் போய்வர அனுமதி உண்டு என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சறுக்கல் தெரியவந்தால் எடுத்த எடுப்பில் சிறை என்பதில்லை. புரொபேஷன் அதிகாரி எச்சரிக்கலாம், சிகிச்சைக்கு அனுப்பலாம், நிபந்தனையைக் கடுமையாக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது, விசாரணை வேண்டாம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். அதில் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனையை நாளை மீறினால் அதுவே புதுக் குற்றச்சாட்டு.

ஆனால் நான்கு விஷயங்களில் நீதிபதிக்கே கை கட்டப்பட்டிருக்கிறது: போதைப்பொருள் வைத்திருந்தது, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தது, போதைப்பொருள் சோதனைக்கு மறுத்தது, ஓராண்டுக்குள் மூன்று முறைக்கு மேல் சோதனையில் மாட்டியது. இவற்றில் சட்டப்படி கண்காணிப்பு விடுதலையை ரத்து செய்து சிறைக்கு அனுப்பியே ஆக வேண்டும். சோதனையில் தோற்றதற்கு மட்டும் சிகிச்சை வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். கஞ்சா சட்டபூர்வமான மாநிலத்தில் கடையில் வாங்கியது என்ற பதில் இங்கே எடுபடாது. மத்தியச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்டதுதான்.

வழக்கு எப்படி நகரும் என்றால், அதிகாரி மனு போடுவார், நீதிபதி சம்மன் அல்லது வாரண்ட் பிறப்பிப்பார். வாரண்டில் பிடித்தால் தாமதமின்றி மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். ஜாமீன் கேட்கும்போது சுமை உங்கள் தலையில்: ஓடமாட்டேன், யாருக்கும் ஆபத்தில்லை என்று நீங்கள்தான் தெளிவான ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், சிகிச்சை மையத்தின் வருகைப் பதிவு ஆகியவற்றை வீட்டார் அன்றைக்கே வக்கீலிடம் சேர்ப்பது ஆயிரம் கெஞ்சலைவிடப் பலன் தரும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே நியமிக்கும்.

இறுதி விசாரணையில் ஜூரி இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. மீறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். எனவே அதே சம்பவத்துக்கான குற்ற வழக்கில் விடுதலையானவர்கூட இங்கே மாட்டலாம். அதிகாரியிடம் பேசியதும் சாட்சியமாகும். மௌனமாக இருக்க உரிமை உண்டு என்று, போலீஸ் சொல்வதைப் போல அவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமையை நீங்களே வாய்விட்டுக் கோர வேண்டும். சந்திப்பைத் தவறவிட்டது, வேலை போனது போன்றவற்றை மறைக்காமல் முந்திச் சொல்வது நல்லது. புதுக் குற்றமாகக்கூடிய எதையும் வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி கணக்கு. ரத்தானால் விதிக்கக்கூடிய உச்சபட்சச் சிறை மூலக் குற்றத்தின் வகுப்பை, அதாவது உச்சபட்சத் தண்டனையை வைத்துப் பிரித்த வகையைப் பொறுத்தது: ஏ வகுப்புக்கு 5 ஆண்டு, பி வகுப்புக்கு 3, சி, டி வகுப்புகளுக்கு 2, மற்றவற்றுக்கு 1. உச்சபட்சம் 20 ஆண்டுள்ள வயர் மோசடி (தொலைபேசி, இணையம் போன்றவை வழியாகச் செய்யும் மோசடி) சி வகுப்பு. அதற்குக் கண்காணிப்பு அதிகபட்சம் 36 மாதம். ஒருவர் 30 மாதம் ஒழுங்காக இருந்து 31ஆம் மாதத்தில் மீறினார் என்று வையுங்கள். அந்த 30 மாதத்துக்குக் கழிவே கிடையாது. 24 மாதம் வரை உள்ளே போடலாம். 10 மாதம் போட்டால், வெளியே வந்தபின் 36இல் 10 போக 26 மாதம் வரை மறுபடி கண்காணிப்பு. கழிவது விதித்த சிறைக்காலம் மட்டுமே. மறுபடி ரத்தானால் 24 மாத உச்சவரம்பு புதிதாகத் தொடங்கும்.

உச்சவரம்பு வரை எல்லோருக்கும் போடுவதில்லை. நீதிபதிகளுக்கான தண்டனை வழிகாட்டி அட்டவணையில் முன்குற்றம் குறைந்தவருக்குச் சிறு மீறலுக்கு 3 முதல் 9 மாதம் என்று இருக்கிறது. அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ரத்து செய்வதா என்று பார்க்கும்போது மூலக் குற்றத்துக்குப் பழிதீர்க்கும் நோக்கை எடைபோடக் கூடாது என்று 2025இல் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. “நீ செய்தது அவ்வளவு பெரிய குற்றம்” என்ற தொனியில் நீதிபதி பேசினால், வக்கீல் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும். பிறகு மேல்முறையீட்டுக்கு அதுதான் பிடி. மேல்முறையீட்டுக்கு அவகாசம் 14 நாள்.

குடியுரிமை இல்லாமல் நாடு கடத்தப்பட்டவர் கண்காணிப்புக் காலத்துக்குள் அனுமதியின்றித் திரும்பி நுழைந்தால் அடி இரண்டு பக்கமும் விழும்: நுழைந்தது தனிக் குற்றம், அதுவே நிபந்தனை மீறலும்.

காலம் முடியும்வரை ஒளிந்திருந்தால் தப்பலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கடைசி நாளுக்கு முன்பே வாரண்ட் பிறந்திருந்தால், காலம் முடிந்த பிறகும் அந்த மீறலை விசாரித்து ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மாறாக ஓராண்டு ஒழுங்காகக் கழித்தவர், மிச்சத்தை ரத்து செய்து முன்கூட்டியே விடுவிக்கும்படி நீதிபதியிடம் மனு போடலாம். அபராதமும் இழப்பீடும் தவணை தவறாமல் கட்டிய ரசீதுகளை அதோடு இணையுங்கள்.